அமர்ந்தவர்களும் அகன்றவர்களும்: அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியக்கூடத்தில் மாடலின் இடம் (1927–1941)

அம்ரிதா ஷெர்கில்லைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய வாழ்க்கையில் தொடங்கி வாழ்க்கையிலேயே முடித்துவிடுகிறார்கள். 1913 ஜனவரி 30-இல் புடாபெஸ்டில் பிறப்பு, பஞ்சாபின் மஜிதியா பிரபுக் குடும்பத்துத் தந்தை, ஹங்கேரியப் பாடகியான தாய், பாரிஸில் படிப்பு, சிம்லாவில் வீடு, லாகூரில் 28 வயதில் மரணம் என்று அந்தக் கதைக்குத் தனிக் கனம் உண்டு. அந்தக் கனத்தில் ஓவியங்கள் பின்னால் போய்விடுகின்றன. அவருடைய படைப்பூக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாலும், இந்தியாவுக்குத் திரும்பினார், இந்தியாவைக் கண்டார், மாறினார் என்ற விடைதான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. கண்டதும் மாறிவிட ஓவியம் என்ன காமிராவா? கண்டதற்கும் தீட்டியதற்கும் நடுவே ஓர் அறை இருக்கிறது. அந்த அறைக்குள் நடந்த வேலையைப் பார்க்காமல் மாற்றத்தை விளக்க முடியாது.

இந்தக் கட்டுரை கேட்பது எளிய கேள்வி: அம்ரிதா தூரிகையோடு நின்றபோது அவர் எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள்? 1927-க்கும் 1941-க்கும் இடையில் இதற்கான விடை மூன்று முறை மாறியது. சிம்லாவில் வீட்டு வேலையாட்கள், பாரிஸில் தொழில்முறை மாடல்களும் தங்கையும் தோழியும், திரும்பி வந்தபின் மலைவாசிகளும் உறவுப் பெண்களும், கடைசியில் யாருமே இல்லை. இந்த விலகலே அவருடைய கலையின் வளர்ச்சிப் பாதை என்பதும், அதன் திருப்புமுனை 1937-இல் சிம்லாவில் உருவான மூன்று தென்னிந்தியப் படங்கள் என்பதும் என் வாதம்.

எண்ணெய் வண்ணத்தின் தன்மையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நீர்வண்ணம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தில் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. கனமாகப் பூசினால் நாள்கணக்கில் ஈரம் நிற்கும். குளிரும் மழையும் சேர்ந்த இடத்தில் இன்னும் தாமதம். அதனால் சுரண்டலாம், துடைக்கலாம், மேலே மேலே ஏற்றலாம், நேற்றைய முகத்தை இன்று திருத்தலாம். ஆனால் திருத்துவதற்கு அதே ஆள், அதே வெளிச்சத்தில், அதே இருப்பில் மறுபடி வந்து உட்கார வேண்டும். ஐரோப்பிய உருவ ஓவிய மரபில் மாடலுக்குக் கிடைத்த முக்கியத்துவம் அழகியல் கொள்கையால் மட்டும் வந்ததல்ல; இந்த ஊடகமே கேட்டு வாங்கியது அது. யார் வந்து உட்காரக் கிடைக்கிறார்கள், எத்தனை நாளுக்கு, எந்த உறவில், எந்தக் கூலிக்கு என்பதெல்லாம் படத்துக்குள் வந்து சேர்ந்துவிடும்.

தாய்மாமன் சொன்ன வழி

1921-இல் குடும்பம் ஹங்கேரியிலிருந்து இந்தியாவுக்கு வந்து சிம்லாவின் சம்மர்ஹில் பகுதியில் குடியேறியது. சிறுமி அம்ரிதா அப்போது வரைந்தவை கற்பனைப் படங்கள்: கதைகளிலிருந்தும் மௌனப் படங்களிலிருந்தும் வந்த சோகப் பெண்கள், நாடகத்தனமான முகபாவங்கள். அவருடைய தாய்மாமன் எர்வின் பக்தாய் ஓவியப் பயிற்சி பெற்றவர், பின்னாளில் ஹங்கேரியின் முக்கியமான இந்தியவியலாளர். 1926–27 காலத்தில் சிம்லாவுக்கு வந்த அவர், கற்பனையை ஒதுக்கிவைத்துவிட்டு எதிரே இருப்பவரைப் பார்த்து வரையச் சொன்னார். வீட்டில் வேலை செய்தவர்களே முதல் மாடல்கள் ஆனார்கள்.

இந்தத் தொடக்கத்தை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. எஜமானர் வீட்டுப் பெண் உட்காரச் சொன்னால் வேலைக்காரர் உட்கார்வார். மறுக்கும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. தன் முன் அமர்ந்தவரின் அடங்கிய மௌனத்தைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அம்ரிதாவுக்குப் பதின்பருவத்திலேயே அமைந்துவிட்டது. பிற்காலப் படங்களில் வரும் அந்தக் கவிந்த கண்களுக்கும் மூடிய உதடுகளுக்கும் ஏழ்மை மட்டுமே காரணம் என்று சொல்வது போதாது. உட்காரவைக்கப்பட்ட உடலின் அலுப்பும் அதில் இருக்கிறது.

பாரிஸ்: கட்டணம் கொடுத்துப் பார்த்த உடல்

1929-இல், 16 வயதில், குடும்பத்தோடு பாரிஸ் சென்றார். முதலில் மோன்பர்னாஸ் பகுதியின் கிராண்ட் ஷோமியர் பயிற்சிக்கூடத்தில் பியர் வையானிடம். பிறகு எகோல் தே போசார் கலைக்கல்லூரியில் லூசியன் சிமோனிடம். இரண்டும் நேரெதிரான இடங்கள். கிராண்ட் ஷோமியரில் கட்டணம் கட்டி யாரும் உள்ளே நுழைந்து மாடலைப் பார்த்து வரையலாம். நிலைகள் சட்டுச்சட்டென்று மாறும், கையும் கண்ணும் அதற்கேற்ப ஓட வேண்டும். போசார் என்பது அரசு நிறுவனம், நூற்றாண்டுகளின் பாடத்திட்டம். அங்கே பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1897-இல்தான். அம்ரிதா நுழைந்தபோது அந்த உரிமைக்கு வயது முப்பத்து சொச்சம். நிர்வாண உடலை முறைப்படி நின்று கற்பது ஒரு பெண்ணுக்கு வாய்த்தது என்பதே அன்றைக்கு அண்மைக்கால வரவு. அதை அவர் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்.

அங்கே உருவான படங்களில் மாடல் யார் என்று பல இடங்களில் தெளிவாகச் சொல்ல முடிகிறது. 1932-இல் தீட்டிய 'இளம்பெண்கள்' படத்தில் நாகரிக உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் தங்கை இந்திரா. எதிரே பொன்னிறக் கூந்தல் முகத்தை மறைக்க, உடை தளர்ந்து அமர்ந்திருப்பவர் தோழி தெனீஸ் ப்ரூத்தோ. இந்தப் படம் 1933-இல் பாரிஸின் கிராண்ட் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அம்ரிதா அந்த அமைப்பின் இணை உறுப்பினராகத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 20. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுகிறது, துணியின் மடிப்புகளில் வண்ணம் தடித்து நிற்கிறது, நாற்காலியின் கனம் தெரிகிறது. பயிற்சிக்கூடம் கற்றுக்கொடுத்த அனைத்தும் அதில் தேறியிருக்கிறது.

இந்திரா இன்னொரு படத்திலும் வருகிறார். 'உறக்கம்' என்ற அந்தப் படத்தில் ஆடையின்றிச் சாய்ந்து கிடக்கும் தங்கையின் உடலருகே டிராகன் உருவம் பொறித்த சால்வை நெளிகிறது; கூந்தலின் வளைவும் சால்வையின் வளைவும் ஒன்றையொன்று தொடர்கின்றன. மாடலிடம் கட்டணத்தால் வருவதைவிட நெருக்கமான ஒன்று இங்கே இருக்கிறது. பயமில்லாமல் தூங்கும் உடல் அது. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 1933-ஆம் ஆண்டின் 'தொழில்முறை மாடல்'. மெலிந்து, மார்பு தொய்ந்து, தோள்கள் சரிந்து, வயது கடந்தும் உடலை விற்றுப் பிழைக்கும் ஒரு பெண். ஐரோப்பிய நிர்வாண ஓவியத்தின் வழக்கப்படி அழகாக்கப்படாத இந்த உடலில் அம்ரிதா வரைந்திருப்பது வேலையின் களைப்பை. மாடலாக இருப்பது ஒரு தொழில், அதற்கு உடல் கொடுக்கும் விலை இது என்று காட்டிய படங்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை. அம்ரிதாவின் பாரிஸ் காலத்தில் எனக்கு மிக உயர்ந்ததாகப் படுவது பதக்கம் பெற்ற படமல்ல, இதுதான்.

கட்டணமில்லாமல் எப்போதும் கிடைக்கும் மாடல் ஒருவர் உண்டு: கண்ணாடியில் தெரிபவர். 1930 முதல் ஒரு டஜனுக்கு மேற்பட்ட தன்னுருவப் படங்களை அம்ரிதா தீட்டினார். சிரிப்பவர், சலித்தவர், ஒப்பனை செய்துகொண்டவர் என்று அவை ஒன்றோடொன்று சேராத ஆட்கள். இந்த வரிசையின் முடிவில் 1934-இல் வந்தது தன்னைத் தாஹித்திப் பெண்ணாகத் தீட்டிய படம். ஓவியர் கொகேனின் தாஹித்திப் பெண்களை அறிந்த எவருக்கும் அதன் வம்சாவளி புரியும். ஆனால் கொகேன் வெளியிலிருந்து பார்த்து வரைந்த பழுப்பு உடலை, அம்ரிதா தன் சொந்த உடலாக நிறுத்துகிறார். பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுகிறது. பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒருவரே ஆகும்போது பயிற்சிக்கூடத்தின் ஏற்பாடு ஆட்டம் காண்கிறது. அவர் பாரிஸைவிட்டுக் கிளம்பியது அதே ஆண்டின் இறுதியில்.

தன் கலையின் வளர்ச்சியைப் பற்றி அவரே எழுதிய கட்டுரையில், அவருடைய நிறங்களுக்கு உரிய இடம் கிழக்குதான் என்று பேராசிரியர் சிமோன் கருதியதைக் குறிப்பிடுகிறார். மேற்கின் சாம்பல் நிற வெளிச்சத்தில் தன் வண்ணங்கள் மூச்சுத் திணறின என்பதே அவருடைய நிலைப்பாடும்.

மலைவாசிகள், உறவுப் பெண்கள்

1935-இல் வந்த படங்களை வைத்துத்தான் ஏழை இந்தியாவின் ஓவியர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 'மலை ஆண்கள்', 'மலைப் பெண்கள்', 'இந்தியத் தாய்' ஆகியவை சிம்லாவின் வீட்டில் மலைவாசிகளை நிறுத்தியும் அமர்த்தியும் உருவானவை. போர்வை போர்த்திய நெடிய உருவங்கள், நகராத கண்கள். பாரிஸின் தடித்த பூச்சு இங்கே அடங்கத் தொடங்குகிறது. உருவத்தின் ஓரக்கோடு துலங்குகிறது. அந்த ஆண்டு சிம்லாவின் கலைச் சங்கம் அவர் அனுப்பிய படங்களில் சிலவற்றை மறுத்து, ஒன்றுக்குப் பரிசு தந்தது. அவர் பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்தக் கட்டத்தின் சிறந்த படம் என்று பலரும் ஒப்புக்கொள்வது 'மூன்று பெண்கள்' (1935). 1937-இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் இதற்குக் கிடைத்தது. சிவப்பும் பச்சையுமாக உடுத்திய மூன்று இளம்பெண்கள் ஒருவரையொருவர் பாராமல் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். தப்ப முடியாத விதிக்குக் காத்திருப்பவர்களின் முகம். கிராமத்து ஏழைப் பெண்களின் துயரம் என்றே இதை விளக்கி எழுதுவார்கள். உட்கார்ந்தவர்களோ அம்ரித்சரில் இருந்த மஜிதியா குடும்பத்தின் உறவுப் பெண்கள், வசதிக்குக் குறைவில்லாதவர்கள்.

இந்த ஒரு தகவல் நிறைய விளக்கங்களைத் தடுமாற வைக்கிறது. மூன்று பெண்களின் முகத்தில் இருக்கும் துயரத்தை வறுமை என்று படித்தது பார்வையாளர்களின் பழக்கம். மாளிகைக்குள்ளும் அதே துயரம் இருந்தது என்று அம்ரிதா பார்த்திருக்கலாம். திருமணத்துக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லாத பெண்ணுக்குப் பட்டு உடுத்தினால் என்ன, பருத்தி உடுத்தினால் என்ன? அதைவிட முக்கியமானது இன்னொன்று. மலைவாசியின் முகமும் உறவுப் பெண்ணின் முகமும் ஒரே பாவத்தை ஏற்கின்றன என்றால், அந்தப் பாவம் மாடலிடமிருந்து வரவில்லை, ஓவியர் கொண்டுவந்தது. மாடல் இன்னும் எதிரே இருக்கிறார், ஆனால் முகத்தை அவர் தீர்மானிக்கவில்லை. விலகல் இங்கேதான் தொடங்குகிறது.

தெற்கே போன பயணம்

1936-இன் இறுதியில் அம்ரிதா ஓவியர் பரதா உகிலோடு கண்காட்சிப் பயணமாகக் கிளம்பினார். பம்பாயில் கார்ல் கண்டாலாவாலாவைச் சந்தித்தார். தொழிலால் வழக்கறிஞரான கண்டாலாவாலா முகலாய, பஹாரி நுண்ணோவியங்களைத் தேர்ந்த கண்ணோடு சேர்த்தவர். அம்ரிதாவின் கலையைப் பற்றி 1944-இல் நூல் எழுதியவரும் அவரே. அந்த நட்பிலிருந்து வந்த கடிதங்கள் இல்லையென்றால் அம்ரிதாவின் ஓவியக்கூடத்தைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

பம்பாயிலிருந்து அஜந்தா, எல்லோரா, பிறகு ஹைதராபாத், அங்கிருந்து தெற்கே திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி. அஜந்தாவில் அவர் கண்டது மண்பூச்சின் மேல் மெல்லிய சுண்ணப் பூச்சிட்டுக் காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி, வெள்ளை, அபூர்வமாக நீலக்கல் தூள் ஆகியவற்றால் தீட்டிய சுவர்கள். அந்தச் சுவர்களில் உருவங்கள் திரண்டு வருகின்றன. ஆனால் எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று கேட்க முடியாது. தரையில் விழும் நிழல் அங்கே கிடையாது. நிறத்தின் அடர்வும் தளர்வுமே உடலைத் திரட்டுகின்றன. பாரிஸ் பயிற்சிக்கூடத்தின் வடக்குச் சாளர வெளிச்சத்தில் கண்ணைப் பழக்கியவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்! சாளரம் இல்லாமலே ஓர் உடலை நிறுத்த முடியும் என்றால், சாளரத்தருகே ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கவும் தேவையில்லை.

கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனையில் பள்ளியறைச் சுவர்களை நிறைத்திருக்கும் ராமாயண ஓவியங்களும் கீழறையின் கண்ணன் லீலைகளும் அவரைப் பிடித்து நிறுத்தின. அஜந்தாவைப் போல அவை அன்று உலகப் புகழ் பெற்றவையல்ல. அம்ரிதா அங்கே உட்கார்ந்து அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். கேரளச் சுவரோவியத்தில் இடைவெளி என்பதே இல்லை. உடலோடு உடல், கையோடு கை நெருங்கி, கோட்டின் விசையில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும். ஒரு நாற்காலி, ஒரு மாடல் என்ற பயிற்சிக்கூடக் கணக்குக்கு முற்றிலும் எதிரான கூட்டம் அது. ஆளைப் பார்த்து வரையக் கற்றவர், இங்கே சுவரைப் பார்த்து வரைந்தார். மாடலின் இடத்தில் இன்னொரு ஓவியம் வந்து உட்கார்ந்துகொண்டது.

திருவிதாங்கூரின் தெருக்களில் அவர் கண்ணில் பட்டது கரிய மேனியும் வெள்ளை வேட்டியும். வடக்கின் பலநிற உடைகளிலிருந்து வந்தவருக்கு இந்தச் சிக்கனம் வியப்பாக இருந்தது. கன்னியாகுமரியோடு சேர்த்துப் பேசப்படும் 'பழக்காரிகள்' (1937) இந்தப் பயணத்தின் நேரடி விளைச்சல். குமரி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்தக் கரையிலும் கொச்சிக்குப் போன வழியிலும் அம்ரிதா கண்டவர்கள் தமிழரும் மலையாளிகளும். படங்களின் தலைப்பில் அவர்கள் 'தென்னிந்தியக் கிராமத்தவர்' என்ற பொதுப்பெயருக்குள் போய்விட்டார்கள். இதை ஒரு குறையாகவே நான் சொல்வேன். ஆனால் இந்தப் பொதுமை எப்படி வந்தது என்பதற்கு, அடுத்து நடந்ததில் விளக்கம் இருக்கிறது.

மூன்று படங்கள், 1937

'மணமகள் அலங்காரம்', 'பிரம்மசாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தவர்' ஆகிய மூன்றும் தெற்கில் தீட்டப்பட்டவையல்ல. 1937-இன் தொடக்க மாதங்களில் பயணம் முடிந்து சிம்லாவுக்குத் திரும்பியபின், சம்மர்ஹில் வீட்டில், இந்த வரிசையில் அவற்றை அவர் உருவாக்கினார். கடல்மட்டத்தின் வெயிலில் பார்த்தவற்றை, 2,000 மீட்டருக்கு மேலான மலையின் குளிரில், தேவதாரு மரங்களுக்கு நடுவே தீட்டியிருக்கிறார். அவரிடம் இருந்தவை குறிப்புக் கோடுகள், மட்டாஞ்சேரியில் பழகிய கை, அஜந்தாவில் திருந்திய கண், நினைவு. சந்தைக்குப் போகிறவர்களைச் சந்தைக்குப் போகும் வழியில் நிறுத்தி வரையவில்லை. எந்த ஊர்ச் சந்தை என்பதற்கு அந்தப் படத்தில் எந்தத் தடயமும் இல்லாமல் போனது அதனால்தான். ஊர் உதிர்ந்துவிட்டது, நடையும் நிறமும் மிஞ்சின.

'மணமகள் அலங்காரம்' படத்தின் அருகே நின்று பார்க்கலாம். நடுவில் வெளிர் மேனியோடு இடுப்புக்கு மேல் ஆடையின்றி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். பின்னால் ஒருத்தி அவள் கூந்தலைச் சீர்செய்கிறாள். சுற்றிலும் இருப்பவர்களின் மேனி கரும்பழுப்பு, குழந்தைகளும் உண்டு. மணமகளின் உள்ளங்கைகளில் மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பை அவள் பெருமையோடு காட்டவில்லை. கைகள் மடியருகே செயலற்றுக் கிடக்கின்றன. ஐந்தாண்டுக்கு முன் 'இளம்பெண்கள்' படத்தில் கூந்தலின் ஒவ்வொரு இழையிலும் வெளிச்சம் வழிந்தது. இங்கே கூந்தல் ஒரே கருமைப் பரப்பு. தோளிலிருந்து முழங்கை வரை இறங்கும் கோடு எலும்பையும் தசையையும் விவரிக்காமல் ஒரே இழுப்பில் போகிறது. பக்கவாட்டு வெளிச்சம் வலுவிழந்து, ஒவ்வொரு மேனியும் தன் நிறத்தாலேயே திரள்கிறது. மணமகள் மட்டும் ஏன் வெளிர்நிறம்? அவள் மேனிதான் படத்தின் விளக்கு என்று நான் படிக்கிறேன். சாளரம் செய்த வேலையை ஓர் உருவத்தின் நிறமே செய்கிறது. அஜந்தாவில் கற்றதை எண்ணெய் வண்ணத்தில் சாதித்த இடம் இது.

'பிரம்மசாரிகள்' படத்தில் ஐந்து ஆண்கள் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். வெற்று மேனி, வெள்ளை வேட்டி, பூணூல். வெள்ளை என்று எழுதிவிட்டாலும் அங்கே ஒரே வெள்ளை இல்லை. பச்சை ஓடிய வெள்ளை, நீலம் ஓடியது, மஞ்சள் தட்டியது என்று பக்கத்திலிருக்கும் மேனியின் நிறத்துக்கு ஏற்ப ஒவ்வொரு வேட்டியும் மாறுகிறது. கண்டாலாவாலாவுக்கு எழுதிய கடிதங்களில் இந்தப் படங்களின் நிறச் சிக்கல்களை அம்ரிதா விரிவாகப் பேசுகிறார்; அங்கே அவர் ஒரு கைவினையாளரின் மொழியில் பேசுகிறார், தரிசனம் பெற்றவரின் மொழியில் அல்ல. எந்த வெள்ளைக்குப் பக்கத்தில் எந்தப் பழுப்பு நின்றால் இரண்டும் உயிர்பெறும் என்பதே அவருடைய கவலை. இந்த ஐவரின் முகங்களைத் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஆளுருவப் படமாக எடுத்துக்கொண்டால் இது தோல்வி. சுவரோவியத்தின் இயல்பில் எடுத்துக்கொண்டால், ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் உள்ள இடைவெளியே படத்தின் இசை.

மூன்றாவது படத்தில் துணி மடிப்புகள் செதுக்கியவை போல நிற்கின்றன. உருவங்கள் நீண்டு மெலிந்து, நடக்கிறார்களா நிற்கிறார்களா என்று தெரியாத ஒரு நிலையில் இருக்கிறார்கள். மூன்றில் இதுவே எனக்குச் சற்று இறுக்கமாகப் படுகிறது. நினைவிலிருந்து தீட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு: கை ஏற்கெனவே கற்ற வளைவுகளையே மறுபடி போடும். எதிரே ஆள் இருந்தால் அவர் உடல் எங்காவது ஓரிடத்தில் கையை மறித்து, எதிர்பாராத ஒரு கோணத்தைத் தரும். அந்த மறிப்பு மூன்றாவது படத்துக்குக் கிடைக்கவில்லை. மாடலை விடுவதில் லாபம் மட்டும் இல்லை என்பதை அம்ரிதா உணர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பெரிய, சுவர்த்தன்மை கொண்ட பாணியை அவர் நீட்டிக்கவில்லை. 1937 நவம்பரில் லாகூரின் ஃபலெட்டி ஹோட்டலில் நடந்த கண்காட்சி அவருக்குப் பெரும் பாராட்டைக் கொண்டுவந்தது. அந்தப் பாராட்டு தணிவதற்கு முன்பே அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

சராயா: முற்றத்தின் மதியம்

கோரக்பூர் மாவட்டத்துச் சராயாவில் மஜிதியா குடும்பத்துக்குச் சர்க்கரை ஆலையும் நிலமும் இருந்தன. 1938-இன் முற்பகுதியில் அங்கே தங்கியபோது தீட்டியவற்றில் ஒன்று 'அந்தப்புரத்தில்'. பச்சைத் தரை, அதில் சிதறியது போல அமர்ந்தும் நின்றும் இருக்கும் பெண்கள், ஒரு நாய். ஒருத்திக்குத் தலை வாரிவிடுகிறார்கள். அதே தலைவாரும் காட்சிதான். ஆனால் ஓராண்டுக்கு முன் படத்தை நிறைத்து உட்கார்ந்திருந்த உருவம் இப்போது சிறுத்து, நிலத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. பார்வை மேலிருந்து விழுகிறது. கண்டாலாவாலா காட்டிய நுண்ணோவியங்களின் உயர்ந்த அடிவானமும் பசோலி ஓவியங்களின் சூடான நிறங்களும் இங்கே வேலை செய்கின்றன. 'சிவப்பு வராந்தா', 'சிவப்புக் களிமண் யானை' ஆகியவையும் அந்த ஆண்டின் படங்கள்.

இந்தப் படங்கள் உருவாக யாரும் ஓவியக்கூடத்துக்கு வந்து உட்கார வேண்டியிருக்கவில்லை. மதிய உறக்கம், மஞ்சள் அரைப்பது, தலை வாருவது, கதை கேட்பது என்று வீட்டுக்குள்ளேயே தினமும் நடப்பதை நாள்தோறும் பார்த்து, உள்ளே வாங்கி, பிறகு சிறிய கேன்வாஸில் தீட்டலாம். வீட்டுப் பெண் என்பதால் அந்தப்புரத்துக்குள் இயல்பாக இருந்து பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது. அவர் காலத்து ஆண் ஓவியர் எவருக்கும் அது இல்லை. அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படங்களில் ஒருவரும் நம்மைப் பார்க்காததும் அதனால்தான். சிறுமியாக வேலைக்காரரை உட்காரவைத்து வரைந்தவர், இப்போது யாரையும் நிறுத்தாமல் வரைகிறார். கலை நுட்பத்தில் வந்த மாற்றம் இது. மனிதர்களோடு இருந்த உறவில் வந்த மாற்றமும் கூட.

1938 ஜூலையில் புடாபெஸ்டில் உறவினரும் மருத்துவருமான விக்டர் ஈகனை மணந்து, ஓராண்டு ஹங்கேரியில் இருந்தார். அங்கே தீட்டிய சந்தைக் காட்சியில் புரூகலின் சாயல் தெரிகிறது: வெளிறிய வெளியில் கறுத்த சிறு உருவங்கள். சராயாவில் கற்ற உயரப் பார்வை ஐரோப்பாவில் தனக்கு உறவான ஓர் ஓவியரைக் கண்டுகொண்டது என்று சொல்லலாம். 1939-இல் திரும்பி வந்து விக்டர் சராயாவில் மருத்துவராகப் பணியாற்ற, அம்ரிதா அதே முற்றங்களுக்குத் திரும்பினார்.

1940-இன் 'கட்டிலில் சாய்ந்த பெண்' படத்தை 'உறக்கம்' படத்தோடு இணைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரு பெண் படுத்திருக்கிறாள். பாரிஸில் தங்கை, ஆடையின்றி, நெருக்கத்தில். சராயாவில் சிவப்பு உடுத்த ஒருத்தி, சிவப்புக் கால்கள் கொண்ட கட்டிலில். பக்கத்தில் விசிறிக்கொண்டிருக்கும் பணிப்பெண். முதல் படத்தில் ஒவ்வொரு வளைவும் தோலின் வெப்பத்தைச் சொல்கிறது. இரண்டாவதில் தோல் அதிகம் தெரியவில்லை. ஆனால் மடங்கிய காலிலும் தளர்ந்த கையிலும் ஒரு முழு மதியத்தின் புழுக்கமும், சொல்லப்படாத ஆசையும், எங்கும் போக முடியாமையும் இருக்கின்றன. ஆடையைக் களையாமலே உடலைச் சொல்லிவிட முடிந்தது அவரால். இந்தப் படத்துக்காகவே சராயாக் காலத்தை நான் மூன்று தென்னிந்தியப் படங்களுக்கும் மேலாக வைப்பேன். அந்தப் படங்கள் இல்லாமல் இதற்கு வந்திருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

'தொன்மைக் கதைசொல்லி', 'ஊஞ்சல்', 'மணப்பெண்', 'மஞ்சள் அரைப்பவர்கள்' ஆகிய எல்லாம் அதே 1940. 'தொன்மைக் கதைசொல்லி' படத்தில் வெள்ளைக் கட்டடத்துக்கு முன் மனிதர்கள் மிகச் சிறியவர்கள். முகலாய நுண்ணோவியத்தின் முற்றம் எண்ணெய் வண்ணத்தில் வந்து இறங்கியிருக்கிறது. 1941-இல் ஒட்டகங்கள்.

லாகூரும் அதன் பிறகும்

1941 செப்டம்பரில் தம்பதியர் லாகூரில் மால் சாலையின் கங்காராம் மாளிகைக் குடியிருப்புக்கு மாறினார்கள். டிசம்பரில் கண்காட்சி நடக்கவிருந்தது. டிசம்பர் 5-இல், சில நாள் நோய்க்குப் பின் அம்ரிதா இறந்தார். முடியாமல் நின்ற கடைசிப் படம் மொட்டைமாடியிலிருந்து பார்த்த அக்கம்பக்கம்: வீடுகள், எருமைகள், நிறப் பரப்புகளாகச் சுருங்கிய வடிவங்கள். அதில் மாடல் என்று சொல்ல யாரும் இல்லை. அடுத்த கட்டம் இன்னும் அருவமானதாக இருந்திருக்கும் என்று சிலர் ஊகிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலகி நின்று பார்த்தாலும், தாழ்வாரமும் கால்நடையும் மனித வாழ்வின் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர் விட்டது உட்காரவைக்கும் பழக்கத்தை, மனிதர்களை அல்ல.

தந்தை உம்ராவ் சிங் சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். புகைப்படக் கலையில் தீராத ஈடுபாடு உள்ளவர். மகளை அவர் தொடர்ந்து படமெடுத்தார்: தூரிகையோடு, முடித்த ஓவியங்களின் முன்னே, சேலையில், ஐரோப்பிய உடையில். அம்ரிதாவின் ஓவியக்கூட வேலையைப் பற்றி அறிய இந்தப் படங்களும், தங்கை இந்திராவின் மகனும் ஓவியருமான விவான் சுந்தரம் தொகுத்து 2010-இல் வெளிவந்த கடிதங்களும் எழுத்துகளும் முதன்மையான சான்றுகள். மற்றவர்களை மாடலாக்கிய அம்ரிதா, வீட்டுக்குள் தந்தையின் காமிராவுக்கு மாடலாகவும் இருந்தார். உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். 'தொழில்முறை மாடல்' படத்தின் பரிவுக்கு இதுவும் ஒரு வேர் என்று நினைக்கிறேன்.

அவர் காலத்தில் வாங்க ஆள் தேடிய படங்களுக்கு இப்போது ஏலத்தில் பெரும் விலை. 'அந்தப்புரத்தில்' 2021-இல் 37.8 கோடி ரூபாய்க்கும், 1937-இன் 'கதைசொல்லி' 2023-இல் 61.8 கோடி ரூபாய்க்கும் விற்றன. இரண்டுமே யாரையும் நாற்காலியில் அமர்த்தாமல், முற்றத்து வாழ்வை நோக்கி அவர் திரும்பிய கட்டத்தின் படங்கள்.

1954-இல் டெல்லி ஜெய்ப்பூர் மாளிகையில் தேசிய நவீன ஓவியக்கூடம் திறக்கப்பட்டபோது, குடும்பத்தாரும் விக்டரும் கொடுத்த அம்ரிதாவின் ஓவியங்களே அதன் சேகரிப்புக்கு அடித்தளம். 1976-இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. இந்தியாவில் இருப்பவற்றை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. 'இளம்பெண்கள்', 'மூன்று பெண்கள்', 'மணமகள் அலங்காரம்', 'பிரம்மசாரிகள்', 'கட்டிலில் சாய்ந்த பெண்' எல்லாம் அந்த ஒரே சேகரிப்பில் இருக்கின்றன. இவற்றை ஆண்டு வரிசையில் பார்க்கிறவர், ஒவ்வொரு படத்தின் முன்னும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே போனால் போதும். 1932-இல் அதற்கு உடனே விடை சொல்ல முடியும். 1937-க்கு வரும்போது சொல்ல முடியாது.